சொந்தக் கட்சிக்குள் ஒரு போர்: 2008இல் அமெரிக்க வாக்காளரின் கவலை

2008ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிக்கு வழக்கமாக வாக்களித்துவந்தவர்கள் மகிழ்ச்சியோடு இருப்பதற்கான காரணங்கள் எல்லாம் இருந்தும் கவலையோடுதான் இருந்தனர். ஜார்ஜ் புஷ்ஷின் எட்டாண்டு ஆட்சி முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. இராக் போரும் சரியத் தொடங்கியிருந்த வீட்டுக்கடன் சந்தையும் ஆளும் குடியரசுக் கட்சியின் செல்வாக்கைக் குலைத்திருந்தன. எதிர்க்கட்சிக்கு இதைவிடச் சாதகமான ஆண்டு வாய்ப்பது அரிது. ஆனால் குடியரசுக் கட்சி மார்ச் 4ஆம் தேதியே ஜான் மெக்கெயினைத் தன் வேட்பாளராக உறுதிசெய்துகொண்டு பொதுத்தேர்தல் வேலையில் இறங்கிவிட்ட பிறகும், ஜனநாயகக் கட்சியில் பராக் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஜூன் மாதம் வரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் மோதிக்கொண்டிருந்தனர். கையில் இருக்கும் வெற்றியைக் கட்சி தானே தட்டிவிட்டுக்கொள்ளுமோ என்பதே அந்த வாக்காளர்களின் அச்சம்.

வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடுவதையே வழக்கமாகக் கண்டுவந்துள்ள நம் வாசகர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை அக்கட்சியின் சாதாரண வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக வாக்களித்து முடிவு செய்கின்றனர். பொதுத்தேர்தலைப் போலவே வாக்குச்சாவடிக்குச் சென்று மறைவாக வாக்களிக்கும் முறைக்குப் பிரைமரி என்று பெயர். பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில், வாக்காளர் பட்டியலில் தம்மை அக்கட்சியைச் சேர்ந்தவராகப் பதிவுசெய்துகொண்டவர் மட்டுமே அதில் பங்கேற்கலாம்; வேறு சில மாநிலங்களில் எவரும் பங்கேற்கலாம். இரண்டாவது முறை காக்கஸ் எனப்படும் கூட்டம். 2008இல் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் ஜனவரிக் குளிரில், மாலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களிலும் நூலகங்களிலும் கூடி, தத்தம் வேட்பாளருக்கென ஒதுக்கப்பட்ட மூலையில் போய் நின்றனர். பெரும்பாலான இடங்களில் 15 விழுக்காட்டினரைத் திரட்ட முடியாத அணி கலைந்து வேறு அணியில் சேர வேண்டும் என்பது அன்றைய விதி. அண்டை வீட்டார் கண்ணெதிரே மூலை மாறி நிற்கும் இந்தக் காட்சியில் மக்களாட்சியின் அழகைக் கண்டவர்கள் உண்டு. இரவுப்பணிக்குச் செல்லும் தொழிலாளிக்கும், வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் அந்த அழகில் இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவ்விரு முறைகளிலும் மக்கள் அளிக்கும் வாக்கு நேரடியாக வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. கோடையில் கூடும் கட்சி மாநாட்டுக்கு அனுப்பப்படும் பேராளர்களின் எண்ணிக்கையையே அது தீர்மானிக்கிறது. ஜனநாயகக் கட்சி இந்த எண்ணிக்கையை, வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி பங்கிட்டது. அந்தப் பங்கீட்டின் உள்கணக்கைக் கூர்ந்து பார்த்தால்தான் வாக்காளர்களின் குழப்பம் விளங்கும். நான்கு பேராளர்களைக் கொண்ட ஒரு தொகுதியில் ஒருவர் 60 விழுக்காடும் மற்றவர் 40 விழுக்காடும் பெற்றால், 2.4, 1.6 என்று வரும் பின்னங்கள் முழு எண்ணாக்கப்பட்டு இருவருக்கும் இரண்டிரண்டு பேராளர்கள் கிடைப்பார்கள். இருபது விழுக்காடு முன்னிலைக்கு ஒரு பயனும் இல்லை. பக்கத்திலேயே ஐந்து பேராளர்களைக் கொண்ட தொகுதியிலோ ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலை கிடைத்துவிடும். ஒபாமாவின் தேர்தல் குழு இந்தக் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே கரைத்துக் குடித்திருந்தது. கிளிண்டனின் குழு பெரிய மாநிலங்களின் வெற்றிச் செய்தியில் கூடுதல் நம்பிக்கை வைத்திருந்தது. அதன் விளைவாகச் சில விந்தைகள் நிகழ்ந்தன. நெவாடாவில் கிளிண்டன் முன்னிலை பெற்றார், ஆனால் அன்றைய கணக்கில் ஒபாமாவுக்கு 13 பேராளர்களும் அவருக்கு 12 பேராளர்களும் என்று அமைந்தது. டெக்சாஸில் பகலில் பிரைமரியும் அன்றிரவே காக்கஸும் நடந்தன. பிரைமரியில் கிளிண்டன் வென்றார், மொத்தப் பேராளர்களில் ஒபாமா முந்தினார். வென்றவர் யார் என்று கேட்டால் இரு தரப்பும் இரு விடை சொல்லும்படியான ஏற்பாடு இது.

இதற்கு மேல் உயர்நிலைப் பேராளர்கள் என்ற ஒரு பிரிவினரும் இருந்தனர். எந்த வாக்கெடுப்புக்கும் கட்டுப்படாமல் தம் விருப்பப்படி வாக்களிக்கும் உரிமை பெற்ற இவர்கள், கட்சியைச் சேர்ந்த காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோர் ஆவர். ஏறத்தாழ 800 பேர், அதாவது மொத்தப் பேராளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர். போட்டி நூலிழையில் தொங்கியதால், கோடிக்கணக்கானோர் வரிசையில் நின்று அளித்த தீர்ப்பை இந்த 800 பேர் மாற்றி எழுதிவிடுவார்களோ என்ற ஐயம் பரவியது.

கவலையின் இன்னொரு முகம் மனக்காயம் பற்றியது. ஒருவர் வென்றால் நாட்டின் முதல் கறுப்பின அதிபராகலாம், மற்றவர் வென்றால் முதல் பெண் அதிபராகலாம் என்ற நிலையில், எந்த முடிவும் நெடுங்காலம் காத்திருந்த ஒரு தரப்புக்கு இன்னொரு முறை காத்திருக்கச் சொல்வதாகவே அமையும். கறுப்பின வாக்காளர்கள் பெருவாரியாக ஒபாமாவின் பக்கமும், மூத்த பெண்களும் வெள்ளையினத் தொழிலாளர்களும் பெரிதும் கிளிண்டனின் பக்கமும் திரண்டதால், கொள்கையில் அதிக வேறுபாடு இல்லாத இருவருக்கிடையே நடந்த போட்டி அடையாளங்களின் போட்டியாகத் தோன்றலாயிற்று. ஒபாமாவின் திருச்சபைப் போதகர் ஜெரமையா ரைட்டின் பிரசங்கங்கள் சர்ச்சையாகி, மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் இன உறவு குறித்து ஒபாமா விரிவான உரையாற்ற நேர்ந்தது; 1996இல் போஸ்னியாவில் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே இறங்கியதாகக் கிளிண்டன் சொன்னதைப் பழைய ஒளிப்பதிவே பொய்யாக்கியது. அந்த மாத இறுதியில் வெளியான கேலப் கருத்துக்கணிப்பில், ஒபாமா வேட்பாளரானால் மெக்கெயினுக்கே வாக்களிப்போம் என்று கிளிண்டன் ஆதரவாளர்களில் 28 விழுக்காட்டினர் கூறினர். கிளிண்டன் வேட்பாளரானால் அவ்வாறே செய்வோம் என்று ஒபாமா ஆதரவாளர்களில் 19 விழுக்காட்டினர் கூறினர். இந்த எண்களைப் படித்த வாக்காளர் எவரும் நிம்மதியாக உறங்கியிருக்க முடியாது.

எனினும் சுடுசொற்களைவிட ஆழமான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. புளோரிடாவும் மிச்சிகனும் கட்சி விதித்த கால அட்டவணையை மீறித் தம் பிரைமரியை ஜனவரியிலேயே நடத்தின. தண்டனையாக, அவ்விரு மாநிலங்களின் பேராளர்கள் எவரும் கணக்கில் கொள்ளப்படமாட்டார்கள் என்று கட்சியின் தேசியக் குழு அறிவித்தது. புளோரிடாவில் தேதியை முன்தள்ளிய சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்தது குடியரசுக் கட்சி; தண்டனை பெற்றவர்கள் வாக்களித்த 17 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சியினர். மிச்சிகனில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒபாமா அங்கே தம் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து விலக்கிக்கொண்டார், கிளிண்டன் விலக்கவில்லை. ஆகவே ஒபாமாவை விரும்பியவர்கள் ‘எவரையும் சாராதவர்’ என்ற கட்டத்தையே குறிக்க வேண்டியிருந்தது. கிளிண்டனுக்கு ஏறத்தாழ 55 விழுக்காடும், அந்தப் பெயரில்லாக் கட்டத்துக்கு ஏறத்தாழ 40 விழுக்காடும் கிடைத்தன. நாடு முழுவதும் இருவரும் தலா ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி வாக்குகள் பெற்றிருந்ததால், மிச்சிகனைச் சேர்த்து எண்ணினால் ஒரு விடை, விட்டு எண்ணினால் வேறு விடை.

மே 31 அன்று கட்சியின் விதிமுறைக் குழு வாஷிங்டன் நகர விடுதி ஒன்றில் கூடி இதற்கு முடிவு கண்டது. இரு மாநிலங்களின் பேராளர்களையும் ஏற்பது, ஆனால் ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு மட்டுமே அளிப்பது என்பது தீர்ப்பு. மிச்சிகனில் கிளிண்டனுக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பேராளர்கள் பங்கிடப்பட்டனர். பெயரே இல்லாத வாக்குச்சீட்டிலிருந்து ஒருவருக்குப் பேராளர்களை உருவாக்கித் தந்த இந்தக் கணக்கு எந்த விதியிலும் எழுதப்பட்டதன்று. அது ஒரு பஞ்சாயத்து. புளோரிடா பற்றிய தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது; மிச்சிகன் தீர்மானம் 19க்கு 8 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அரங்கிலிருந்த கிளிண்டன் ஆதரவாளர்கள் மாநாடு நடைபெறவிருந்த டென்வர் நகரின் பெயரை முழக்கமிட்டு, சண்டை அங்கும் தொடரும் என்று எச்சரித்தனர்.

அவர்களுடைய எச்சரிக்கைக்கு வரலாற்றில் முன்னுதாரணம் இருந்தது. 1968இல் ஜனநாயகக் கட்சி சிகாகோ மாநாட்டில், ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ப்ரியை வேட்பாளராக்கியது. வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்திக்கும் படுகொலை செய்யப்பட்ட ராபர்ட் கென்னடிக்கும் விழுந்த பிரைமரி வாக்குகள் அங்கே எடுபடவில்லை. மாநாட்டுக்கு வெளியே காவல்துறையின் தடியடியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது; நவம்பரில் ரிச்சர்ட் நிக்சன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இன்றைய பிரைமரி முறை பெரிதும் அந்தத் தோல்விக்குப் பின் வந்த சீர்திருத்தத்தின் விளைவாகும். அதன் பின்னும், 1976இல் தம் கட்சியின் ரீகனுடைய சவாலைச் சந்தித்த அதிபர் ஃபோர்டும், 1980இல் தம் கட்சியின் எட்வர்ட் கென்னடியுடைய சவாலைச் சந்தித்த அதிபர் கார்ட்டரும் பொதுத்தேர்தலில் தோற்றனர்.

ஆயினும் இந்த வரிசையைக் கண்டதும் உட்கட்சிப் போட்டியே தோல்விக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடக்கூடும். ஏற்கெனவே பலவீனமாக உள்ள அதிபரைத்தான் சொந்தக் கட்சியினர் எதிர்க்கத் துணிகின்றனர். பணவீக்கமும் ஈரான் பிணைக்கைதிகள் நெருக்கடியும் கார்ட்டரை வீழ்த்தியிருக்க, பழி கென்னடியின் மேல் விழுந்தது. ஆளுநர், செனட்டர் தேர்தல்களை ஆராய்ந்து அரசியல் அறிஞர் ஆண்ட்ரூ ஹாக்கர் 1965இலேயே எழுதிய கட்டுரை, கடுமையான பிரைமரி மட்டுமே ஒருவருடைய வெற்றி வாய்ப்பைக் கெடுத்துவிடுவதில்லை என்ற முடிவுக்கே வந்தது.

2008இன் முடிவும் அதையே காட்டியது. ஜூன் 3ஆம் தேதி ஒபாமா தேவையான பேராளர் எண்ணிக்கையைக் கடந்தார். நான்கு நாட்களில் கிளிண்டன் தம் ஆதரவை அறிவித்தார். நியூ ஹாம்ப்ஷயரில் ‘ஒற்றுமை’ என்றே பொருள்படும் யூனிட்டி என்ற சிற்றூரில், இருவருக்கும் பிரைமரியில் சரியாக 107 வாக்குகள் விழுந்திருந்த காரணத்தால், அவர்கள் ஒன்றாகப் பங்கேற்ற முதல் பிரசாரக் கூட்டம் நடைபெற்றது. தேர்தல் ஆலோசகர்கள் எதையும் வீணாக்குவதில்லை. டென்வர் மாநாட்டில் வாக்கெடுப்பைப் பாதியில் நிறுத்தி, ஒபாமாவை ஒருமனதாக ஏற்கும்படி முன்மொழிந்தவர் கிளிண்டன்தான். ஆகஸ்டில் மெக்கெயின் தரப்பு கிளிண்டனின் பழைய விமர்சனங்களையே விளம்பரமாக ஒளிபரப்பிப் பார்த்தது. பெரிய பயன் விளையவில்லை. நவம்பரில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஒபாமா 365 தேர்வாளர் வாக்குகளும் மெக்கெயின் 173 தேர்வாளர் வாக்குகளும் பெற்றனர். வழக்கமாகப் போட்டி முடிந்த பின்னரே வாக்களிக்கும் இண்டியானாவிலும் வட கரோலினாவிலும் அந்த ஆண்டு மே மாதப் பிரைமரிக்காக இரு தரப்புத் தொண்டர்களும் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களைப் பதிவுசெய்திருந்தனர். 1964க்குப் பிறகு முதன்முறையாக இண்டியானாவும், 1976க்குப் பிறகு முதன்முறையாக வட கரோலினாவும் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தன. நீண்ட போட்டி பற்றிய கவலை அங்கே தலைகீழாகிவிட்டது.

1968இன் தோல்வியையும் 2008இன் வெற்றியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாக்காளர் கவலைப்பட வேண்டிய இடம் எதுவென்று தெரிகிறது. போட்டியின் கடுமையைத் தொண்டர்கள் சில மாதங்களில் மறந்துவிடுகின்றனர். தம் வாக்கு எண்ணப்படவில்லை என்ற எண்ணம் எளிதில் மறைவதில்லை. 2008இல் உயர்நிலைப் பேராளர்கள், வாக்கெடுப்பில் கிடைத்த பேராளர் முன்னிலையை மாற்றவில்லை. விதிமுறைக் குழுவின் அரைவாக்குத் தீர்ப்பு கரடுமுரடானதாயினும் பொதுவெளியில், தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னிலையில் வழங்கப்பட்டது. 2016இலோ பிரைமரி தொடங்குமுன்பே உயர்நிலைப் பேராளர்களில் பெரும்பாலானோர் கிளிண்டனின் பக்கம் நின்றதும், நடுநிலை காக்க வேண்டிய தேசியக் குழுவின் மின்னஞ்சல்கள் கசிந்து அதன் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் மாநாட்டுக்கு முந்தைய நாள் பதவி விலகலை அறிவிக்க நேர்ந்ததும், அவரை எதிர்த்துப் பிரைமரியில் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களிடையே ஐயத்தை வளர்த்தன. கிளிண்டன் மக்கள் வாக்கிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களிலும் தெளிவாகவே முந்தியிருந்தார் என்ற உண்மை அந்த ஐயத்தைப் போக்கப் போதவில்லை.

2018 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு, முடிவு ஏற்கெனவே உறுதியாகிவிட்டாலன்றி மாநாட்டின் முதல் சுற்றில் உயர்நிலைப் பேராளர்கள் வாக்களிக்கக் கூடாது என்று விதியைத் திருத்தியது. 2020ஆம் ஆண்டு வேட்பாளர் தேர்விலிருந்து அந்த விதி நடைமுறைக்கு வந்தது.