பொலன்னறுவை – பழைய பௌத்தத் தலைநகரின் இடிபாடுகள்

பொலன்னறுவை இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உள்ள ஒரு பழைய தலைநகரம் ஆகும். அனுராதபுரத்திற்கு அடுத்து, கி.பி. 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இலங்கை இங்கிருந்துதான் ஆளப்பட்டது. தமிழில் இது புலத்திநகர் என்றும் அழைக்கப்படுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 1982ஆம் ஆண்டு இதனை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. விகாரைகள், தாதுகோபங்கள், அரண்மனை, சிவன் கோயில்கள், குளம் ஆகிய அனைத்தையும் சில கிலோமீட்டர் எல்லைக்குள் காண முடிவது இந்நகரின் சிறப்பு.

தலைநகரான வரலாறு

முதலாம் இராசராச சோழனின் படை கி.பி. 993 அளவில் இலங்கை மீது படையெடுத்தது. அனுராதபுரம் வீழ்ந்தது. சோழர்கள் பொலன்னறுவையைத் தங்கள் ஆட்சித் தலைநகராகக் கொண்டு, அதற்கு ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். மகாவலி கங்கையின் துறைகளைக் காவல் செய்வதற்கும் தெற்கே இருந்த உறுகுணைப் பகுதியைக் கண்காணிப்பதற்கும் இவ்விடம் ஏற்றதாக இருந்தது.

1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். எனினும் அவன் தலைநகரை அனுராதபுரத்திற்குத் திரும்பக் கொண்டுசெல்லவில்லை. சோழர் தேர்ந்தெடுத்த நகரமே சிங்கள அரசின் தலைநகராகத் தொடர்ந்தது. பின்னர் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), நிசங்கமல்லன் (1187–1196) ஆகியோரின் காலத்தில் இன்று நாம் காணும் கட்டடங்களில் பெரும்பாலானவை எழுந்தன.

நீரே நகரின் உயிர்

இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் நின்று பார்க்க வேண்டியது பராக்கிரம சமுத்திரத்தின் கரையை. வறண்ட வலயத்தில் உள்ள இந்நகருக்கு ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே நல்ல மழை கிடைக்கும். அந்த நீரைத் தேக்காவிட்டால் வயலும் இல்லை. வயல் இல்லாவிட்டால் விகாரையும் அரண்மனையும் இல்லை. வானிலிருந்து விழும் நீர் மக்களுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக்கூடாது என்று பராக்கிரமபாகு உறுதி கொண்டதாகச் சூளவம்சம் கூறுகிறது.

முன்பே இருந்த தோப்பாவெவ முதலிய குளங்களை இணைத்து, அம்பன் கங்கையின் நீரைக் கால்வாய் வழியாகக் கொணர்ந்து அவன் இதனை உருவாக்கினான். இதன் அணைக்கட்டு ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. நகரம் கைவிடப்பட்டபின் உடைந்து கிடந்த இக்குளம் 20ஆம் நூற்றாண்டில் சீர்செய்யப்பட்டது. இன்றும் இதன் நீரில் நெல் விளைகிறது.

முக்கியமான இடங்கள்

*அரண்மனை:* பராக்கிரமபாகுவின் அரண்மனை ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டது என்பது நூல் மரபு. இன்று எஞ்சியிருப்பவை தடித்த செங்கற் சுவர்கள் மட்டுமே. சுவர்களில் வரிசையாகத் தெரியும் குழிகள், மேல்தளத்தைத் தாங்கிய மரவிட்டங்கள் பொருந்தியிருந்த இடங்கள். மேல்மாடிகள் மரத்தால் ஆனவை என்பதால் அவை அழிந்துபோயின.

*தளதா மளுவ:* புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த முற்றம் இது. விசயபாகு காலத்து அடதாகே, வட்டவடிவமான வட்டதாகே, ஏழு தட்டுகளாக உயரும் சத்மஹல் பிரசாதம் ஆகியவை இங்கே உள்ளன. ‘கல்பொத’ எனப்படும் கல்நூல் சுமார் 8 மீட்டர் நீளமுள்ள ஒரே கல். நிசங்கமல்லன் தன் புகழை இதில் பொறித்திருக்கிறான். வட்டதாகேயின் வாயிற்படியில் உள்ள சந்திரவட்டக்கல்லைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அனுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கம் ஆகியவற்றுடன் வரும் காளை இங்கே இல்லை. சைவர்கள் வணங்கும் நந்தியை மிதிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே அது விடப்பட்டது என்று பொதுவாக விளக்கம் தருவார்கள்.

*வானவன்மாதேவி ஈசுவரம்:* இரண்டாம் சிவதேவாலயம் எனத் தொல்லியலாளர் எண்ணிட்ட இக்கோயில், ஒரு சோழ அரசியின் பெயரால் அமைந்தது. முழுவதும் கல்லால் கட்டப்பட்டதால் விமானம் வரை நிலைத்து நிற்கிறது. தஞ்சைப் பகுதிக் கோயில்களைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பு பழக்கமானதாகவே தோன்றும். சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நகரின் சிவன் கோயில்களில் கிடைத்த அழகிய செப்புத் திருமேனிகள் பல கொழும்பு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

*லங்காதிலக:* இரு பக்கமும் சுமார் 17 மீட்டர் உயரச் சுவர்கள். அவற்றின் நடுவே தலை இழந்து நிற்கும் செங்கற் புத்தர். கூரை இல்லாததால் உருவத்திற்கு மேல் வானமே தெரிகிறது.

*கல்விகாரை:* ஒரே பாறையில் நான்கு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீட்டர். கிடக்கும் உருவம் ஏறத்தாழ 14 மீட்டர். கைகளைக் குறுக்காக வைத்து நிற்பவர் ஆனந்தர் என்றும், குருவின் மறைவுக்கு வருந்துகிறார் என்றும் முன்பு பலர் எழுதினர். ஆனால் அவ்வுருவம் தனக்கென ஒரு தாமரைப் பீடத்தின்மேல் நிற்கிறது. அதனால் அதுவும் புத்தரே என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. கிடக்கும் உருவத்தில் தலையின் எடையால் தலையணை சற்று அமுங்கியிருப்பதும், ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பின்வாங்கியிருப்பதும் கவனிக்கத்தக்கவை. பாதங்கள் ஒத்து அமையாதது பரிநிர்வாணத்தின் அடையாளம் என்று கொள்ளப்படுகிறது.

ஒரு தமிழ்க் கல்வெட்டு தரும் பாடம்

அடதாகேயின் அருகே நிற்கும் ஒரு கற்பலகையைப் பயணிகள் பலர் பாராமலே கடந்துவிடுகின்றனர். அது 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த வேளைக்காரர் தமிழ்க் கல்வெட்டு. வேளைக்காரர் என்போர் தென்னிந்தியக் கூலிப்படையினர். விசயபாகுவிடம் பணிபுரிந்த இவர்கள், சோழருக்கு எதிராகப் போரிடச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தனர். கலகம் கடுமையாக அடக்கப்பட்டது.

அதே வேளைக்காரர், விசயபாகுவின் மறைவுக்குப் பின் ஒரு மகாதேரரின் வேண்டுகோளை ஏற்று, புனிதப் பல் கோயிலைக் காப்பதாக உறுதி பூண்டனர். கோயிலின் சொத்தையும் அதில் அடைக்கலம் புகுந்தவரையும் காப்போம் என்று கல்லில் எழுதிவைத்தனர். அக்கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாயப் பெரும்பள்ளி’ என்று தமிழிலேயே பெயரும் இட்டனர்.

பழைய அரசர்களின் போர்களை இரண்டு இனங்களின் போராக மட்டும் படித்துப் பழகிய மாணவர்களை இக்கல் சிந்திக்க வைக்கும். படையெடுப்பும் அழிவும் நடந்தது உண்மை. தமிழ் வீரர் பௌத்த ஆலயத்திற்குக் காவல் நின்றதும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது.

வீழ்ச்சி

நிசங்கமல்லனுக்குப் பின் அரசுரிமைப் போட்டிகள் பெருகின. 1215இல் கலிங்க மாகன் படையெடுத்து நகரைக் கைப்பற்றினான். விகாரைகள் சூறையாடப்பட்டன. அரசர்கள் தென்மேற்கே தம்பதெனியா முதலிய இடங்களுக்கு நகர்ந்தனர். குளங்களைப் பேண ஆளில்லாமற் போகவே அவை உடைந்தன, வயல்கள் காடாயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியல் பணிகள் தொடங்கிக் காட்டை வெட்டும்வரை பல கட்டடங்கள் மரங்களுக்குள் மறைந்தே கிடந்தன.

செல்வோர் அறிய வேண்டியவை

கொழும்பு–மட்டக்களப்பு இருப்புப்பாதையில் இந்நகருக்கான நிலையம் கதுருவெலவில் உள்ளது. பழைய நகரம் அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முதலில் குளக்கரை அருகே உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்தால், அங்குள்ள மாதிரி அமைப்புகளால் இடிந்த கட்டடங்களின் முழுவடிவம் மனத்தில் பதியும். இடங்களைச் சுற்ற வாடகை மிதிவண்டி ஏற்றது.

விகாரைகள் இன்றும் வழிபாட்டிடங்களே. தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்து, காலணியையும் தொப்பியையும் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். நண்பகலில் கற்றளம் வெறுங்காலைச் சுடும் என்பதால் காலை அல்லது மாலை நேரமே நல்லது. புத்தர் உருவத்திற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும். சுவர்களில் ஏறுவதும் கற்களில் பெயர் கீறுவதும் கூடாது. எண்ணூறு ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய எழுத்து, ஓர் ஆணியின் கீறலில் அழிந்துவிடும்.