பழைய உயில்களைப் படிக்கும் முறை

நம் சங்கங்களின் அங்கத்தினர்களான நெசவாளர், விவசாயிகள் பலருடைய வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பட்டா, கிஸ்து ரசீது, கிரயப் பத்திரம் ஆகியவற்றுடன், முன்னோர் ஒருவர் எழுதிவைத்த உயில் சாசனமும் அதில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். அதில் கண்டது என்ன என்று வினவினால், "எங்கள் தாத்தா காலத்தில் ஒருவர் படித்துச் சொன்னார், அவ்வளவுதான் தெரியும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த நாம், நம் முன்னோர் தமிழில் எழுதியதைப் படிக்க இயலாமல் இருக்கிறோம். ஆயினும் அது கற்க முடியாத வித்தை அன்று. சில விஷயங்களை அறிந்துகொண்டு பொறுமையுடன் அமர்ந்தால் எவரும் படிக்கலாம். தவறாகப் படித்தால் விளையும் தீங்கை நான் நேரில் கண்டேன். அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கைத்தறிச் சங்கம் ஒன்றில் அங்கத்தினர் புத்தகத்தைத் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, பங்குத் தொகைக்கு நியமனதாரரைப் பதிவு செய்ய முதியவர் ஒருவர் வந்தார். பேச்சின் நடுவே, அடுத்த தெருவில் வாழும் மற்றோர் அங்கத்தினர் குடும்பத்தைச் சுட்டி, "ஐயா, அவர்களும் எங்கள் வழியார்தாம். ஆனால் எங்கள் பாட்டனாரின் பாட்டனார் தம் மூத்த மகளை வெறுத்து, மஞ்சளும் எண்பதில் ஒரு பங்கும் கொடுத்துத் தள்ளிவிட்டார். உயிலிலேயே அப்படி எழுதியிருக்கிறது. அன்று முதல் அவ்வழியாருடன் எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இல்லை" என்றார். பெற்ற மகளை வெறுத்ததாக ஒருவர் உயிலில் எழுதுவாரா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அந்த உயிலைப் பிரித்தோம்.

எழுத்து

முதலில் தெரிந்துகொள்ள வேண்டுவது, பழைய கையெழுத்தில் புள்ளி இராது என்பது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகவே புள்ளியை விட்டு எழுதினர். கடிதத்தில் மையினால் எழுதத் தொடங்கிய பின்பும் அப்பழக்கம் பலரை விடவில்லை. "கொடுத்தேன்" என்பது "கொடுததென" என்றிருக்கும்.

இரண்டாவது, எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே கொம்பினால் எழுதப்பட்டன. நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பர். அச்சுப் புத்தகங்களில் அது பரவிய பின்னரும் பத்திரம் எழுதுவோர் பலர் பழைய முறையையே கையாண்டனர். "பெரன" என்று கண்டால் "பேரன்" என்று கொள்ளவேண்டும்.

மூன்றாவது, ரகரமும் துணைக்காலும் பழைய எழுத்தில் ஒரே வடிவமாக இருக்கும். இரண்டில் எது என்பதை அடுத்த எழுத்தும் வாக்கியமுமே தீர்மானிக்கும். நான்காவது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. வரி முடியுமிடத்தில் சொல் பாதியில் ஒடிந்து அடுத்த வரிக்குச் செல்லும். ஐந்தாவது, ணை, லை, ளை, னை என்பவை யானைத் துதிக்கை போல் வளைந்த வடிவிலும், ணா, றா, னா என்பவை கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுழிந்த வடிவிலும் இருக்கும். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சிலும் இவையே வழங்கின. ஆதலால் வீட்டு முதியோர் இவற்றை எளிதில் படித்துக் காட்டுவர்.

இவ்வளவையும் அறிந்த பின், முதல் வரியிலிருந்து தொடங்காமல், தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குவது நலம். ஊர்ப் பெயர், தாலுகா, தகப்பனார் பெயர், "உயில் சாசனம்", "எனக்குப் பின்", "சுயார்ஜிதம்", "மனப்பூர்வமாய்" போன்ற சொற்கள் பெரும்பாலான உயில்களிலும் வரும். அவற்றைக் கண்டுபிடித்து, அந்த எழுத்தர் ஒவ்வோர் எழுத்தையும் எப்படி வளைக்கிறார் என்று தனித் தாளில் வரைந்துகொள்ளவேண்டும். அத்தாளே நமக்கு அரிச்சுவடி. அதன் பிறகு, தெரியாத சொல்லை அந்த அரிச்சுவடியோடு ஒப்பிட்டுப் படிக்கலாம்.

குறியும் ஆண்டும்

உயிலின் தலைப்பில் "விரோதி ௵ தை ௴ ௰௨ ௳" என்றிருந்தது. ௵ வருஷத்தையும், ௴ மாதத்தையும், ௳ தேதியையும் குறிக்கும். ௰ பத்து, ௨ இரண்டு. ஆகவே தை மாதம் 12-ந் தேதி. நூறுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲ என்ற குறிகள் உண்டு. 365 என்பதை ௩௱௬௰௫ என்று, சொல்வது போலவே எழுதுவர். ௹ ரூபாய், ௸ மேற்படி. "௸யார்" என்றால் மேலே சொன்னவர் என்று பொருள். எவர் மேலே சொன்னவர் என்பதை விரல் வைத்துப் பின்னோக்கிச் சென்று நிச்சயித்துக்கொள்ளவேண்டும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற கணக்கு 1957 ஏப்ரல் வரை வழங்கியது.

வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி என்பது 1829, 1889, 1949 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அந்த உயிலின் பின்புறத்தில் சப் ரிஜிஸ்டிராரின் முத்திரை இருந்தது. இந்தியா முழுமைக்குமான முதல் பதிவுச் சட்டம் 1864-இல்தான் வந்தது. ஆகவே 1829 அன்று. உயிலில் "மைனர் பேரன்" என்று குறிக்கப்பட்டவர் அம்முதியவரின் பாட்டனார். அவர் 1949-க்கு முன்பே காலமானதை நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர் புத்தகமே காட்டிற்று. ஆகவே 1889-இல் தொடங்கிய விரோதி என்று முடிவாயிற்று. ஆனால் தை மாதம் இங்கிலீஷ் ஆண்டு மாறிய பின் வருவது. எனவே உயில் எழுதிய காலம் 1890 ஜனவரி ஆகும். மார்கழிக் கடைசி முதல் பங்குனி வரை வரும் தேதிகளில் இந்த ஓராண்டுப் பிழை நேருவது சகஜம்.

பசலி ஆண்டு குறித்திருந்தால் அதனுடன் 590 கூட்டினால் இங்கிலீஷ் ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்குவதால், ஜனவரி முதல் ஜூன் வரையுள்ள தேதிக்கு 591 கூட்டவேண்டும். தென்கோடி ஜில்லாக்களில் கொல்லம் ஆண்டு காணப்படும். அதனுடன் மாதத்திற்கேற்ப 824 அல்லது 825 கூட்டவேண்டும்.

பங்குக் கணக்கு

நம்மில் பலர் மறந்துவிட்ட கீழ்வாய் இலக்கம் உயிலைப் படிக்க இன்றியமையாதது. அரைக்கால் என்பது 1/8, மாகாணி அல்லது வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அரைக்கால் என்பதை "அரையும் காலும்" என்று படித்து முக்கால் பங்கு கேட்டவர்களும் உண்டு. இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எல்லாப் பங்குகளையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழையாகப் படித்திருக்கிறோம்.

அந்த உயிலில் வீடு, நாலு தறி, பாவடியில் உள்ள பாத்தியம் ஆகியவற்றில், கடனைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்ற மூத்த மகனுக்கு அரை, இளைய மகனுக்குக் கால், மனைவிக்கு அரைக்கால், தம்பி மகனுக்கு அரைக்கால் என்று கண்டிருந்தது. கூட்டினால் சரியாக ஒன்று. அப்படியானால் மகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் எண்பதில் ஒரு பங்கிற்கு இடம் எங்கே?

மகளைப் பற்றிய வரிக்கு வந்தோம். "முனனமெமஞசளகாணிவிடடிருககிறபடியாலமூததமகளுககுவெறுபாகமிலலை" என்பது அதன் எழுத்து. கடைசிச் சொல்லின் மகரம் மடிப்பில் தேய்ந்து போயிருந்தது. கதையை முன்னரே கேட்டிருந்த காரணத்தால் நானும் முதலில் "வெறுப்பாக இல்லை" என்றே படித்து, மகள் மேல் வெறுப்பாகையால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று பொருள் கொண்டேன். அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கண் எழுத்தைப் படிக்கவில்லை, காது கேட்ட கதையைப் படித்தது.

பிறகு உயிலின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். "வெறுயாதொருவருககுமபாததியமிலலை" என்ற வழக்கமான வாசகம் அங்கே தெளிவாக இருந்தது. "வேறு யாதொருவருக்கும் பாத்தியமில்லை" என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. ஆகவே அந்த எழுத்தர் "வேறு" என்பதை "வெறு" என்றே எழுதுபவர். மேலும் "வெறுப்பாக" என்றால் அவர் பகரத்தை இரண்டு முறை எழுதியிருப்பார். இங்கு ஒன்றே உள்ளது. தேய்ந்த இடத்தில் மகரத்தைச் சேர்த்துப் படித்தால் வரி தானே பிரிகிறது: "முன்னமே மஞ்சள்காணி விட்டிருக்கிறபடியால் மூத்த மகளுக்கு வேறு பாகமில்லை."

மஞ்சள்காணி என்பது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சீராக விடும் நிலம். அச்சொல் வழக்கொழிந்ததால், மஞ்சளைத் தனியாகவும் காணியை 1/80 என்றும் யாரோ பிரித்துவிட்டனர். காணி என்பதற்குப் பின்ன எண், நில அளவு, நில உரிமை என்று மூன்று பொருள் உண்டு. இடம் அறிந்து கொள்ளவேண்டும். மகளை அவர் வெறுக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்பே அவளுக்கு நிலம் கொடுத்திருந்தார்.

எல்லை

நான்கெல்லை படிப்பதிலும் கவனம் வேண்டும். "வாய்க்காலுக்குத் தெற்கு" என்றால் வாய்க்கால் தெற்கே இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். நம் நிலம் வாய்க்காலுக்குத் தெற்கே உள்ளது, அதாவது வாய்க்கால் நமக்கு வடக்கே உள்ளது என்பதே பொருள். அந்த உயிலில் இளைய மகனுக்கு விட்ட கொல்லைக்கு ஓர் எல்லை "௸ மகள் மஞ்சள்காணிக்கு மேற்கு" என்றிருந்தது. "உங்கள் கொல்லைக்குக் கிழக்கே யார் நிலம், பெரியவரே?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, அடுத்த தெருக்காரர் நிலம்தான் என்றார்.

உறவுச் சொல்லும் நகலும்

உறவுச் சொற்களையும் இன்றைய பொருளில் அவசரப்பட்டுக் கொள்ளலாகாது. தம்பி என்பது சிற்றப்பன் மகனாகவும் இருக்கலாம். "இளைய தாரம்" என்பது இரண்டாம் மனைவி. உயிலில் பெயர் இல்லாதவர் குடும்பத்தில் இல்லாதவர் ஆகார். முன்பே பங்கு பெற்றவராகவோ காலமானவராகவோ இருக்கலாம். சாட்சிகளும் எழுத்தரும் சில சமயம் உறவினரே. அவர்கள் பெயரையும் குறித்துக்கொள்க.

மூல உயில் இல்லாதவர்கள் பதிவு அலுவலகத்தில் தேடலாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. செய்திருந்தால் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் காலமான பின், விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தும் எவருக்கும் நகல் தரச் சட்டம் இடமளிக்கிறது. ஆண்டையும் எழுதியவர் பெயரையும் தெரிந்துகொண்டு செல்வது தேடுதலை எளிதாக்கும். உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை என்பதால், வெள்ளைத் தாளில் இருப்பதைக் கொண்டு அதைப் பொய் என்று எண்ண வேண்டாம். சென்னை போன்ற நகரங்களுக்கு வெளியே, 1927-க்கு முன் ஹிந்துக்கள் எழுதிய உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்ற கட்டாயமும் இருந்ததில்லை. ஆனால் சொத்து வழக்கிற்காக உயிலைப் பயன்படுத்த எண்ணுவோர் வக்கீலைக் கலந்துகொள்வதே முறை.

பழைய தாளை ஈரமாக்குவதோ, எண்ணெய் தடவுவதோ, பிளாஸ்டிக் உறையில் வெப்பத்தால் ஒட்டுவதோ கூடாது. பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்து தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்து, மூலத்தை உடனே பெட்டியில் வைத்துவிடலாம். படித்ததை எழுதும்போது, தெரியாத எழுத்துக்கு ஒரு கோடு இட்டு விடவேண்டும். ஊகித்து நிரப்பினால், அந்த ஊகமே அடுத்த தலைமுறைக்குச் சாட்சியாகிவிடும்.

அம்முதியவர் நான் எழுதிக் கொடுத்த நகலை இரண்டு பிரதியாக்கச் சொன்னார். ஒன்று தமக்கு; மற்றொன்று யாருக்கு என்று சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றபோது, அடுத்த தெருக் குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகை மஞ்சள் தடவி அவர் வீட்டு மாடத்தில் இருந்தது.

அங்கத்தினர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒரு நாள் திறந்து பாருங்கள். கேள்விப்பட்ட கதையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்தை எழுத்தாகப் படியுங்கள்.