பகைவனுக்குப் பகைவன்: கேமரன் மலையின் சிறு குளவிகள்

பால்வெட்டுத் தொழிலில் ஈடுபட்டிருப்போர் பூச்சித் தொல்லையைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. ரப்பர் மரத்தை வாட்டுவன பெரும்பாலும் வேர் நோயும் இலை நோயுமே ஆகும். ஆனால், தாப்பாவிலிருந்து மலைச்சாலை வழியாக ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறிச் செல்வோமாயின், அங்கு வாழும் நம் உறவினர்களின் பேச்சில் புழு, பூச்சி, மருந்தடிப்பு ஆகிய மூன்றும் அடிக்கடி அடிபடுவதைக் கேட்கலாம். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு அம்மலையில் வேரூன்றியுள்ளது. தேயிலைச் சரிவுகளை அடுத்துப் படிப்படியாக வெட்டப்பட்ட காய்கறித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இவ்விரு பயிர்களுக்கும் இடையே நடக்கும் பூச்சிகளின் போரைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சந்தையில் நாம் கோபிஸ் என்று கேட்டு வாங்கும் முட்டைக்கோசை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் முதற் பகைவன் வைர முதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி அமர்ந்திருக்கும்போது இதன் முதுகில் வைர வடிவக் கட்டங்கள் வரிசையாகத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது. இதன் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. முட்டைக்கோசு, கடுகு, சாவிக் கீரை முதலிய ஓரினச் செடிகளில் உள்ள கார நெடியே இதற்கு வழிகாட்டி. நமக்குக் கடுகெண்ணெயில் மூக்கைத் துளைக்கும் அதே நெடிதான், தாய்ப்பூச்சியை முட்டையிட அழைக்கின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் பச்சைப் புழு இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடித் தாளைப் போல விட்டுவைக்கும். பிறகு அதுவும் கிழிந்து, இலை சல்லடையாகும். புழுவைத் தொட்டால் பின்னோக்கித் துள்ளி, ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கித் தப்பிக்கும்.

கேமரன் மலையின் குளிர்ச்சி ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பது. பனிக்காலமும் இல்லை, கொடுங்கோடையும் இல்லை. ஆதலின் முட்டைக்கோசு எந்த மாதத்திலும் பயிராகின்றது. அந்துப்பூச்சிக்கும் எந்த மாதத்திலும் உணவு கிடைக்கின்றது. ஓராண்டில் பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் பெருகிவிடுகின்றன.

இத்தகைய பூச்சியை நஞ்சினால் ஒழித்துவிடலாம் என்று உலகமே ஒரு காலத்தில் நம்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து வந்தபோது விவசாயிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். அந்நிம்மதி நீடிக்கவில்லை. 1953ஆம் ஆண்டிலேயே, ஜாவாவின் லெம்பாங் மலைப்பகுதியில் இந்த அந்துப்பூச்சி டி.டி.டி.க்கு அசையவில்லை என்ற ஆய்வறிக்கை வெளியாயிற்று. கேமரன் மலையில் திரட்டப்பட்ட பூச்சிகளும் மருந்துகளைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டதை 1978ஆம் ஆண்டில் சுதெருதின், கோக் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? மருந்தடித்தவுடன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் புழுக்கள் மடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய இரண்டும் பிறவியிலேயே சற்றுத் தாங்கும் வலிமை உடையவை. அடுத்த தலைமுறை அவ்விரண்டின் வழியே பிறக்கின்றது. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இவ்வடித்தெடுப்பு நடந்தால், சில ஆண்டுகளில் எஞ்சி நிற்பவை எல்லாம் வலிமையுடையவையே. தோட்டக்காரர் மருந்தின் அளவைக் கூட்டுகிறார். அதுவும் பலிக்காதபோது இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலக்கிறார். புழு சாவதில்லை. ஆனால், முதுகில் தெளிப்பானைச் சுமப்பவரின் உடலுக்குள் நஞ்சு சிறுகச் சிறுக இறங்குகின்றது. தலைவலி, மிகுந்த வியர்வை, குமட்டல், கண்மங்கல் ஆகியவற்றை வெயிலின் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுவோர் நம்மிடையே பலர். அவை சிலவகை மருந்துகளின் நச்சு அறிகுறிகள். அத்தகைய நிலையில் வேலையை உடனே நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்பிட்டுக் குளித்து, மருந்துப் புட்டியின் பெயர்ச்சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சீட்டைப் பார்த்தால்தான் எந்த நஞ்சு என்று மருத்துவருக்கு விளங்கும்.

இனி நம் கட்டுரையின் நாயகனுக்கு வருவோம். டயாடெக்மா என்பது ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறு குளவி. கறுத்து மெலிந்த உடல். நீளம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடும். மனிதரைக் கொட்டுவதில்லை. 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்துக்கும், 1950ஆம் ஆண்டில் அங்கிருந்து ஜாவாவுக்கும் இது கொண்டுசெல்லப்பட்டது. 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நம் நாட்டு விவசாய இலாகாவினர் கேமரன் மலையில் இதனைப் பறக்கவிட்டனர். இதனோடு டயாட்ரோமஸ் என்னும் மற்றொரு குளவியும் வந்தது. முன்னது புழுவைத் தாக்கும். பின்னது கூட்டுப்புழுவைத் தாக்கும். இவ்விரண்டுக்கும் முன்பே கோட்டீசியா என்னும் வேறொரு சிறு குளவியும் அங்கு இருந்தது.

டயாடெக்மாவின் வேலை வியப்பூட்டுவது. தாய்க்குளவி புழுவைத் தேடிப் பிடித்து, ஊசி போன்ற உறுப்பினால் அதன் உடலுக்குள் ஒரே ஒரு முட்டையை இடுகின்றது. புழு சாவதில்லை. வழக்கம்போல் இலையைத் தின்று வளர்ந்து, வலை போன்ற கூட்டையும் பின்னிக்கொள்கின்றது. அதுவரை உள்ளேயே அடக்கமாக இருந்த குளவிக்குஞ்சு அப்போதுதான் புழுவை முற்றாகத் தின்றுவிட்டு, அதே கூட்டுக்குள் தன் கூட்டைக் கட்டிக்கொள்கின்றது. வாடகை வீட்டில் குடியேறியவன் வீட்டுக்காரனையே விழுங்கிவிட்ட கதைதான் இது!

ஆயினும், பறக்கவிட்ட மறுநாளே அதிசயம் நிகழ்ந்துவிடவில்லை. ஆண்டுகள் பல சென்றும் குளவிகள் மிகக் குறைவாகவே காணப்பட்டன. காரணம் எளியது. அந்துப்பூச்சி தாங்கிக்கொண்ட நஞ்சைக் குளவியால் தாங்க முடியவில்லை. வாரந்தோறும் மருந்தடிக்கும் தோட்டத்தில் பகைவன் பிழைத்தான், காவலன் மாண்டான். 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தோட்டக்காரர் பலர் கடுநஞ்சுகளைக் குறைத்து, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரிலிருந்து செய்யப்படும் மருந்துக்கு மாறிய பின்னரே டயாடெக்மா தலையெடுத்தது. இம்மருந்து புழுவின் வயிற்றில் மட்டும் வேலை செய்வது, குளவியைக் கொல்லாது. விவசாய இலாகாவின் பூச்சியியலாளர் பீட்டர் ஊய் இம்மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்து, 1992ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். பழைய கோட்டீசியாவை விஞ்சி, அம்மலையின் முதன்மைக் காவலனாக டயாடெக்மா மாறியிருந்தது. குளிர்ந்த மலையே இதற்கு ஏற்றது. தாழ்நில வெப்பத்தில் இது தழைப்பதில்லை. அங்கே கோட்டீசியாவே பொருத்தமானது.

நுண்ணுயிர் மருந்தையும் கண்மூடித்தனமாக அடித்தல் கூடாது. 1990ஆம் ஆண்டில் ஹவாயில் இதே அந்துப்பூச்சி அதற்கும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது அறியப்பட்டது. பின்னர் கேமரன் மலையிலும் அவ்வாறே கண்டறிந்தனர். புழு எத்தனை இருக்கின்றது, அதில் குளவி பிடித்தது எத்தனை என்று செடியைப் புரட்டிப் பார்த்த பிறகே மருந்தைப் பற்றி முடிவு செய்தல் வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பது வீண் செலவு என்பதே நம் கருத்து.

தேயிலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அது நம் மலையில் நிகழ்ந்ததன்று. நம்மவர்கள் உழைக்கும் இலங்கை மலைநாட்டில் நிகழ்ந்தது. கொழுந்தோடு கொழுந்தை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் இலைச்சுருட்டுப் புழு அங்கே பெருங்கேடு விளைவித்தது. அதன் முட்டைகளைத் தொழிலாளர்கள் கையால் பொறுக்கி அழித்தும் அது தீரவில்லை. 1935, 1936ஆம் ஆண்டுகளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்னும் குளவியைத் தருவித்தனர். குளவி நிலைத்தது, புழு அடங்கிற்று. பின்னாளில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டில்டிரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டபோது குளவிகள் அழிந்தன. அடங்கியிருந்த இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகிற்று. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து வேறொரு பூச்சிக்கு வாழ்வளித்த விந்தை இது. மேலும், முட்டைக்கோசையாவது கழுவிச் சமைக்கிறோம். கொழுந்தைக் கழுவி யாரும் தேயிலை செய்வதில்லை.

ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டங்களில் இருப்போருக்கும் இச்செய்தி புதிதன்று. 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தீபகற்பத்துச் செம்பனைத் தோட்டங்களில் கூடுகட்டிப் புழுக்கள் ஓலைகளைத் தின்று மட்டைகளை எலும்புக்கூடாக்கின. பல்வகைப் பூச்சிகளையும் கொல்லும் நஞ்சுகளைத் தெளித்ததால் இயற்கைப் பகைவர்கள் மடிந்ததே அதன் காரணம் என்பதைப் பிரையன் வுட் என்னும் அறிஞர் நிறுவினார். இன்று பல தோட்டங்களில் சாலையோரமாக மஞ்சள் பூப்பூக்கும் டர்னெராச் செடிகளை நட்டிருப்பதைக் காணலாம். அழகுக்காக நட்டவை என்று எண்ணி அவற்றைக் களையோடு களையாக வெட்டி எறிதல் கூடாது. வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். தேன் கிடைத்தால்தான் நெடுநாள் வாழ்ந்து மிகுதியான புழுக்களில் முட்டையிடும்.

லயத்து வீட்டின் பின்புறம் சாவிக் கீரையோ கோசோ பயிரிட்டிருப்போர், கோட்டீசியாவின் வேலையைத் தாமே காணலாம். இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். வலைக்கூட்டுக்குள் பச்சையாகவோ பழுப்பாகவோ கூட்டுப்புழு தெளிவாகத் தெரிந்தால் அஃது அந்துப்பூச்சி. இலையில் ஒட்டிய சிறு அரிசிமணி போன்ற வெண்கூடு கோட்டீசியாவினுடையது. மலையில் இருப்போர் டயாடெக்மாவையும் காணக்கூடும். வலைக்கூட்டுக்குள்ளேயே ஒளி புகாத உருளை வடிவில் இன்னொரு கூடு இருந்தால் அஃது அதனுடையதே. ஐயமிருப்பின், இருபது கூடுகளை இலையோடு பறித்து ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஓரிரு வாரங்களில் உள்ளே பறப்பவற்றைப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லலாம். குளவிகள் பாதிக்கு மேல் இருந்தால் அவ்வாரம் மருந்தடிக்கத் தேவையில்லை. குளவிகளைக் கீரைப் பாத்தியருகே திறந்துவிட்டு, அந்துப்பூச்சிகளை மட்டும் நசுக்கிவிடுங்கள்.