கொல்லைப்புறத்துக் கிழ அணில்

காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்ததும் மதில்மேல் "கீச், கீச்" என்று ஒரே ஆர்ப்பாட்டம். அணில் நம்மைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பூனை வருகிறது என்று அது தன் இனத்தாருக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருக்கலாம்! எதுவானால் என்ன, ஒரு பிடி வேர்க்கடலையை எடுத்து மதில்மேல் வைக்காமல் நமக்கு மனசு கேட்பதில்லை.

வைப்பது இருக்கட்டும். வருகிற அணில்களில் ஒன்று கிழம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

"அணிலில் கிழமேது, குமரியேது? எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன!" என்பீர்கள். நியாயந்தான். நம் பக்கத்து அணிலின் எடை சுமார் 100 கிராம். முதுகில் மூன்று கோடு. (வடநாட்டு அணில் ஒன்றுக்கு ஐந்து கோடு. அங்கே ராமபிரான் ஐந்து விரல்களாலும் தடவிக் கொடுத்தார் போலும்!) ஒரு வருஷம் நிறைவதற்குள்ளேயே தாயாகிவிடக்கூடிய பிராணி இது. மனிதர் பராமரிப்பில் இருந்த ஓர் அணில் 5½ வருஷம் வாழ்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க, பூனை, காக்கை, வல்லூறு எல்லாவற்றுக்கும் தப்பி வெளியில் தள்ளாத பிராயம் வரை பிழைத்திருக்கும் அணில் என்றால் அபூர்வ விருந்தாளிதான்.

அதைக் கண்டுகொள்வது கஷ்டமில்லை. மற்றவை மதிலிலிருந்து முருங்கைக் கிளைக்கு ஒரே தாவாகத் தாவும். இது சற்று யோசித்து, சுற்றுவழியாகப் போகும். வால் மயிர் உதிர்ந்து வால் மெலிந்திருக்கும். சிலதற்குக் கண்ணில் வெண்படலம் தெரியும். கடலையை இரு கையாலும் எடுக்கும். நாலு தரம் திருப்பிப் பார்க்கும். பிறகு கீழே போட்டுவிடும். பசியில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கோளாறு பல்லில் இருக்கிறது.

அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துக் கொறித்துத்தான் அவற்றை அளவாக வைத்துக்கொள்கிறது. கொறிக்க முடியாமல் போனாலும், பல் கோணலாகிவிட்டாலும் அவை நீண்டு வாயையே மூடவிடாமல் செய்துவிடும். கடைவாய்ப் பற்களின் கதை வேறு. அவை வளர்வதில்லை, தேய்ந்தால் தேய்ந்ததுதான். வயசான அணிலுக்கு உடைக்கப் பல் உண்டு, அரைக்கப் பல் இல்லை.

பல் போன பாட்டிக்கு வெற்றிலை பாக்கைச் சிற்றுரலில் இடித்துக் கொடுத்த வீடுகள் நம்முடையவை. அதே உபசாரந்தான் இங்கும் தேவை. உப்பில்லாமல் வறுத்த கடலை 2 அல்லது 3 எடுத்து, நசுக்கி வையுங்கள். கொய்யா, பப்பாளி, சப்போட்டா இவற்றில் கனிந்த துண்டு ஒன்று. ஊறவைத்து முளைகட்டிய பயறு கொஞ்சம். வெள்ளரிப் பிஞ்சு ஒரு வில்லை. இவ்வளவு போதும். பக்கத்திலேயே பட்டையோடு ஒரு கொய்யாக் குச்சியையும் போட்டு வைத்தால் முன்பற்களுக்கு வேலை கிடைக்கும்.

"வெறும் கடலையே போதாதா? அதுதானே அதற்குப் பிடிக்கிறது!" என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. நம் குழந்தைகளுக்கு மிட்டாய் பிடிக்கிறது என்று மூன்று வேளையும் மிட்டாயே போடுகிறோமா? 100 கிராம் வேர்க்கடலையில் கால்ஷியம் 100 மில்லிகிராமுக்கும் குறைவு. பாஸ்பரஸோ அதைப்போலச் சுமார் 4 மடங்கு. தேங்காயிலும் கால்ஷியம் சொற்பமே. இவற்றையே தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும் அணிலின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்துபோகும். எலும்பு பலமிழந்தால், கிளைவிட்டுக் கிளை தாவும் பிராணியின் கதி என்ன? கூண்டுப் பறவைகளுக்கென்று கடைகளில் விற்கும் கணவாய் ஓடு ஒரு துண்டு வைத்தால், வேண்டியபோது சுரண்டிக்கொள்ளும்.

கூடாதவை சில உண்டு. முறுக்கு, மிக்சர், பிஸ்கட், சாக்லெட் வேண்டாம். பரிதாபப்பட்டுப் பசும்பால் ஊற்றாதீர்கள், வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். பூசணம் பிடித்த கடலை நமக்கு மட்டுமல்ல, அதற்கும் ஈரலைக் கெடுக்கும் விஷம்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். விளிம்பு தாழ்ந்த மண் தட்டில், நிழலில், தினம் மாற்றி வையுங்கள். சாப்பாட்டுத் தட்டைப் பூனை பதுங்கும் செடிகொடிக்கு எட்டி, ஆனால் ஏறி ஓட ஒரு மரமோ தூணோ அருகில் இருக்கும்படி வைக்க வேண்டும். கிழத்துக்கு இளசுகளோடு போட்டிபோட முடியாது. ஆகவே இரண்டு இடத்தில் வைப்பது நல்லது. அடுக்குமாடிப் பால்கனிக்காரர்களுக்கும் இதே முறைதான். பொழுது சாய்ந்ததும் தட்டை எடுத்துக் கழுவிவிடுங்கள். அணில் இரவில் வராது; பெருச்சாளி வரும்! எந்த அணிலுக்காவது தோல் பொருக்குத் தட்டி மயிர் திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தால் அது முதுமையல்ல, வியாதி. அப்போது சில நாள் தட்டே வைக்காமல் இருப்பது மற்றவற்றுக்கு நல்லது.

இன்னொரு விஷயம். தள்ளாத அணில் உங்கள் தட்டை நம்பிவிட்டது என்றால் அந்த நம்பிக்கைக்கு நீங்கள் பொறுப்பாளி. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதானால் முன்கூட்டியே அளவைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். அல்லது பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

உதவி செய்யலாம், உறவு கொண்டாட வேண்டாம். கையில் வந்து வாங்கித் தின்னப் பழக்குவது நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் உங்கள் கை எது, கல்லெறியும் பையனின் கை எது என்று மங்கிய கண்ணுக்கு எப்படித் தெரியும்? விரலைப் பழம் என்று கடித்துவிடவும் கூடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பாவம் என்று பிடித்துக் கூண்டில் அடைக்கவும் வேண்டாம். மரத்தில் பிறந்ததற்குக் கூண்டு முதியோர் விடுதி ஆகாது. அந்தப் பயமே அதன் உயிரைக் குடித்துவிடும்.

ஒருநாள் அது எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தால் மட்டும், ஒரு துணியால் மெல்ல எடுத்துக் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். இருட்டும் அமைதியுமான மூலையில் பெட்டியை வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். குழந்தைகள் சுற்றி நின்று கூச்சலிடாமல் பார்த்துக்கொண்டால் அதுவே பாதி வைத்தியம்.

பல நாளில் இதற்கெல்லாம் அவசியம் நேராது. ஒரு காலை அது வராது, அவ்வளவுதான். மறுநாளும் வராது. ஆனாலும் நசுக்கிய கடலையைச் சில நாள் வைத்துப் பாருங்கள். மதில்மேல் இன்னொன்று கடலையை எடுத்து, நாலு தரம் திருப்பிப் பார்த்துக் கீழே போட்டுக்கொண்டிருக்கலாம்.