அழித்து எழுதிப் பழகுவோம்

எங்கள் காலனியின் மாலை நேரப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் கட்டுரை வகுப்பு நடக்கிறது. பத்தாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கும் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பரீட்சைக்கான கட்டுரை அல்ல. ஊரில் தாம் கண்ட ஒரு பிரச்சினையைப் பற்றித் தம் கருத்தைச் சொல்லும் கட்டுரை.

சென்ற மழைக்காலத்தில் பிளஸ் டூ மாணவி ஒருவர் ஒரு பக்கம் எழுதி வந்தார். சாதி ஒழிய வேண்டும், சமத்துவம் மலர வேண்டும், அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. "இதில் தப்பு இல்லைம்மா. ஆனால் யார் வேண்டுமானாலும் இதை எழுதலாம். நீ பார்த்தது எங்கே?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "தாத்தாவைத் தூக்கிட்டுப் போனதை எழுதலாமாண்ணா?" என்றார்.

எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. நட்ட வயலின் வரப்பில்தான் பாடையைத் தூக்கிச் செல்ல வேண்டும். அன்று மழை. முன்னால் போனவருக்குக் கால் வழுக்கிப் பாடை சரிந்தது. அடுத்த சனிக்கிழமை அதை அப்படியே எழுதி வந்தார். வாசித்தபோது வகுப்பில் சத்தமில்லை.

ஆனால் கட்டுரை அதோடு முடியவில்லை. திருத்துவது என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாங்கள் மூன்று கேள்விகளை வைத்துத் திருத்தச் சொல்கிறோம்.

முதலாவது, இது உனக்கு எப்படித் தெரியும்? 'நூறு வருடமாகப் பாதை இல்லை' என்று எழுதியிருந்தார். யார் சொன்னது என்று கேட்டால் பதில் இல்லை. பாட்டியிடம் விசாரித்து வந்து, 'பாட்டி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து' என்று மாற்றினார். நூறு வருடத்தை மறுத்துவிடலாம், பாட்டியை மறுக்க முடியாது.

இரண்டாவது, எதிர்த் தரப்பு என்ன சொல்லும்? 'பட்டா நிலத்தில் எப்படி வழி விடுவது?' என்பார்கள். அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து வந்தார். அங்கே பாதை இருக்கிறது. வண்டிப்பாதைப் புறம்போக்கு. ஏர் ஓட்டி ஓட்டி வயலோடு சேர்த்துவிட்டார்கள்.

மூன்றாவது, யார், என்ன செய்ய வேண்டும்? 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, 'வட்டாட்சியர் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும்' என்று எழுதினார். வழி விடுங்கள் என்ற கெஞ்சல், எங்கள் பாதையை அளந்து கொடுங்கள் என்ற கோரிக்கையாக மாறியது. மற்றவர்களைப் போல் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் சொல்வதையும் சேர்த்தார். இரண்டு வசைச்சொற்களை அவரே எடுத்துவிட்டார். பாடை சரிந்த காட்சியில் இருந்த கோபம் போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் படித்த பெரியவர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். 'காலனி, சாதி என்பதை எடுத்துவிடு. கிராமத்தில் சாலை வசதி இல்லை என்று பொதுவாக எழுது. எல்லோரும் ஏற்பார்கள்.' மாணவி குழம்பிப்போய் வந்தார். நாங்கள் 1936-ஐச் சொன்னோம். லாகூரில் ஒரு சீர்திருத்த அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்து, சில பகுதிகளை நீக்கக் கேட்டது. அவர் மறுத்தார். கூட்டம் ரத்தானது. அந்த உரையைத் தம் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அதே அம்பேத்கர், 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் அதற்குத் தம் பதிலையும் சேர்த்தே வெளியிட்டார். எதிர்வாதத்துக்கு இடம் கொடுப்பது வேறு, உண்மையை வெட்டிக்கொள்வது வேறு. ஊர்த் தெருவின் சுடுகாட்டுக்குத் தார்ச்சாலை இருக்கும்போது, 'கிராமத்தில் சாலை இல்லை' என்பது பொய்யல்லவா? 'காலனி' என்ற சொல் கட்டுரையிலேயே இருந்தது.

கடைசியில் வந்தது பெயர்ச் சிக்கல். "எம் பொண்ணு பேரைப் போடாதீங்கண்ணே, அவங்க வயல்லதானே கூலிக்குப் போறோம்" என்றார் தாய். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாளை வேலை நின்றால் உலை வைக்கப்போவது நாம் அல்ல.

1855-இல் முக்தா சால்வே என்ற 14 வயது மாணவி, மாங், மகார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் வெளிவந்தது. பூனாவில் ஃபுலே இணையர் நடத்திய பள்ளியில் படித்தவர் அவர். கூரைகூட இல்லாத இடத்தில், மழையிலும் குளிரிலும் தம் பெண்கள் பிள்ளை பெறுவதை எழுதினார். நம் மண்ணில் 1893-இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். பெயர் சொல்லி எழுதிய வரலாறு நமக்கு உண்டு. ஆனால் எப்போது சொல்வது என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவைப் பிள்ளைகளே எடுத்தார்கள். 'மாலை நேரப் பள்ளி மாணவர்கள்' என்று போட்டுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். கட்டுரையை மனுவோடு இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கி வந்தோம். சர்வேயர் இன்னும் வரவில்லை. வரும்வரை அடுத்தடுத்த மனுக்கள் போகும்.

மாணவர்களே, உங்கள் தெருவிலும் ஒரு பாதை, ஒரு குழாய், ஒரு டீக்கடை இருக்கும். பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு நாள் வைத்திருந்து, அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். உண்மையை மட்டும் அழிக்காதீர்கள்.