ராத்திரி படகை எங்கே நிறுத்துவார்கள்?

பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடந்தவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ராத்திரியானால் படகை எங்கே நிறுத்துவீர்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்துவதே இல்லை. அட்லாண்டிக்கின் ஆழம் பல இடங்களில் நாலு கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீள நங்கூரச் சங்கிலிக்கு எங்கே போவது? கரையை விட்டதிலிருந்து கரை சேரும்வரை படகு ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே சாப்பாடும் தூக்கமும் நம்முடையதிலிருந்து மாறிப்போவதற்கு இதுதான் காரணம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நிறையப் பேர் போகிற வழியையே எடுத்துக்கொள்வோம். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் இருக்கும் செயின்ட் லூசியாவுக்குச் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். நவம்பர் கடைசியில் கிளம்புவார்கள். அப்போது சூறாவளிப் பருவம் ஓய்ந்து, வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைகொள்ளத் தொடங்கும். நாற்பதடிப் படகு மணிக்கு ஐந்தாறு கடல் மைல் போகும். நிதானமாக மிதிக்கிற சைக்கிளின் வேகம்தான். இரவு பகலாக ஓடினால் மூன்று வாரம் ஆகும்.

அந்த மூன்று வாரமும் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். சுக்கானைப் பிடித்துக்கொண்டே நிற்பதில்லை. அதை ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும், அல்லது படகின் பின்னால் பொருத்திய, மின்சாரமே கேட்காத காற்றுத் தகடு பார்த்துக்கொள்ளும். விழித்திருப்பவர் கடலைப் பார்க்க வேண்டும். அடிவானத்தில் தலைகாட்டும் சரக்குக் கப்பல் இருபது நிமிஷத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஏ.ஐ.எஸ். கருவி அதன் பெயர், திசை, வேகம் எல்லாவற்றையும் திரையில் காட்டுகிறதே என்பீர்கள். காட்டட்டும், கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் இருக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி.

இரண்டே பேர் என்றால் மூன்று மணி நேரம் இவர், மூன்று மணி நேரம் அவர். சேர்ந்தாற்போல ஏழு மணி நேரத் தூக்கம் கரையோடு போயிற்று. முதல் சில நாட்கள் தலை கனக்கும், ஒரு கரண்டி இடம் மாறியதற்குக்கூடச் சண்டை வரும். அப்புறம் உடம்பு பழகும். புயலைவிடத் தூக்கக் குறைவைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். ஆளைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரின் கொக்கியை மாட்ட மறந்து மேல்தளத்துக்கு ஏறுவதெல்லாம் அந்தக் கலக்கத்தில் நடப்பது. படுத்தாலும் சுகமில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் படகு இடமும் வலமுமாக உருளும். படுக்கையின் ஓரத்தில் கெட்டித் துணியை இழுத்துக் கட்டாவிட்டால் ஆள் தரையில் கிடப்பார்.

சமையலறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்குகிறது. படகு இடமோ வலமோ சாய்ந்தாலும் அது மட்டமாகவே நிற்கும், ஆடுவது சமைக்கிறவர்தான். பாத்திரத்தைக் கவ்விகள் பிடித்திருக்கும், சமைக்கிறவரை இடுப்புப் பட்டை பிடித்திருக்கும். டீ போட்டால் கோப்பையைக் கையில் பிடித்து ஊற்றக்கூடாது, கை வெந்துவிடும். கழுவுதொட்டிக்குள் கோப்பையை வைத்து, அதுவும் பாதி அளவுதான் ஊற்ற வேண்டும்.

முதல் வாரம் தக்காளி, வாழைப்பழம். வாழைத்தார் முழுதும் ஒரே நாளில் பழுத்து மானத்தை வாங்கும். அதன்பிறகு முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு. குளிர்பெட்டி ஏறாத, கழுவாத முட்டை வாரக்கணக்கில் தாங்கும். அட்டைப்பெட்டிகளை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிடுவார்கள், அவற்றோடு கரப்பான் முட்டையும் ஏறிவிடும் என்று. காலையில் மேல்தளத்தில் பறவைக்கோலா மீன் விழுந்து கிடக்கும், செலவில்லாத நாஷ்டா.

தண்ணீரில்தான் கறார். பாத்திரம் கடல்நீரில் கழுவப்படும். குளியலும் ஒரு வாளி கடல்நீர்தான், கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர். அந்தக் குவளையைத் தவிர்க்க முடியாது: உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், உடம்பிலிருந்து உப்பேறிய துணி எத்தனை வெயிலில் காய்ந்தாலும் மறுபடி பிசுபிசுக்கும்.

இதையெல்லாம் இரண்டே பேர் எட்டு மாதம் செய்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பிய இந்தியக் கடற்படையின் 'தாரிணி', உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பியது. 56 அடிப் படகு. அதில் போன அதிகாரிகள் கோழிக்கோட்டின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும். இடையில் சில துறைமுகங்களில் ஓய்வு கிடைத்தது உண்மைதான். ஆனால் அவர்கள் போனது தென்பெருங்கடலின் குளிரிலும் பேரலையிலும்.

உங்களை யாராவது இப்படியொரு பயணத்துக்குக் கூப்பிட்டால், படகு எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன்னால் இரவுக் காவலுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேர் என்றால் தைரியமாகப் போகலாம். இரண்டு பேர் என்றால், வீட்டிலேயே ஒரு வாரம் மூன்று மணிக்கொரு தரம் எழுந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.