சைக்கிள் டூருக்கு பிரான்ஸ்தான் போகணுமா? புதுக்கோட்டையின் ஊர்ச் சாலைகள் சொல்லும் கதை

இன்ஸ்டாகிராமில் அடிக்கடி கண்ணில் படும் ரீல்ஸ் இது. இரண்டு பக்கமும் மர நிழல், ஓரமாக ஒரு கால்வாய், ஒரு கார்கூட இல்லாத பாதை. பின்னால் பை கட்டிய சைக்கிளில் ஒருவர் நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார். இடம்: பிரான்ஸின் ஏதோ ஒரு கிராமம். கீழே கமென்ட்டில் நம்மாட்கள் கேட்பது ஒரே கேள்விதான்: 'நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?'

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய இடம் புதுக்கோட்டை. முப்பது வருடங்களுக்கு முன்பே சைக்கிளை வைத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த மாவட்டம் அது.

பிரான்ஸில் அப்படி என்ன ஸ்பெஷல்?

அங்கே 'வுவா வெர்த்' என்றொரு சாலை வகை இருக்கிறது. தமிழில் சொன்னால் பசுமைப் பாதை. மோட்டார் இல்லாத வண்டிகள், நடந்து போகிறவர்கள், குதிரையில் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டுமேயான பாதை இது. 2004-ல் பிரான்ஸின் சாலை விதிகளிலேயே இது தனி வகையாகச் சேர்க்கப்பட்டது.

இதற்காகப் புதிதாக நிலம் எடுத்தது குறைவு. ரயில் நின்றுபோன தடங்களும், கால்வாய்க் கரைகளுமே பெரும்பாலும் பாதைகளாக மாறின. பர்கண்டி பகுதியில் ஜிவ்ரி – க்ளுனி இடையே கைவிடப்பட்ட ரயில் தடம் 1997-லேயே சைக்கிள் பாதை ஆனது. 17-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட, 240 கி.மீ. நீளமுள்ள மிடி கால்வாயின் கரையும் சைக்கிள் பயணிகளுக்குப் பிடித்த இடம். படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப்போன பாதை அது.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. லுவார் ஆற்றை ஒட்டிப் போகும் சுமார் 900 கி.மீ. 'லுவார் சைக்கிள் பாதை' முழுக்கத் தனிப்பாதை கிடையாது. பல இடங்களில் அது சாதாரண கிராமத்துச் சாலை. வண்டி குறைவாகப் போகும் சாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, திருப்பத்துக்குத் திருப்பம் பலகை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாதைக்கு 5 கி.மீ. சுற்றளவில் இருக்கும் தங்குமிடங்கள், சைக்கிளைப் பாதுகாப்பாக நிறுத்தவும் பழுது பார்க்கவும் வசதி செய்து கொடுத்தால், 'சைக்கிள் பயணிகளை வரவேற்கிறோம்' என்ற அர்த்தத்தில் தனி முத்திரையும் கிடைக்கும்.

ஆக, வண்டி குறைந்த சாலைதான் அடிப்படை. அது நம்மிடம் இருக்கிறதா?

சாலையில் வண்டி குறைவாக இருப்பது ஏன் முக்கியம்?

அழகுக்காக மட்டும் இல்லை, உயிருக்காக. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் சுமார் 60% மரணங்கள் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் நடந்தவை. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இந்த இரண்டு வகைச் சாலைகளின் பங்கு வெறும் 5% அளவுதான். அதே ஆண்டில் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

சைக்கிளில் போகிறவருக்கு பம்பரும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. எந்தச் சாலையில் போகிறோம் என்பதுதான் அவருக்கு முதல் பாதுகாப்பு.

இன்னொரு பக்கம், பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியதிலிருந்து, பஸ்ஸே பார்க்காத பல ஊர்களுக்குத் தார்ச்சாலை வந்தது. இந்தத் திட்டத்தில் சாலையின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். ஒரு நாளைக்கு 100 மோட்டார் வண்டிகளுக்கும் குறைவாகப் போகும் இடமென்றால் 3 மீட்டரே போதும் என்கிறது விதி. நாளைக்கு 100 வண்டி! பிரான்ஸில் தேடிப் பிடித்துப் பலகை வைக்கும் அதே மாதிரி சாலைதான் இது. நம்மிடம் பலகை மட்டும்தான் இல்லை.

1991-ல் புதுக்கோட்டையில் என்ன நடந்தது?

1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. புதுக்கோட்டையில் அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

பாடம் நடத்தும் தன்னார்வலர்களில் நிறையப் பேர் பெண்கள். ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் எப்போதோ ஒருமுறை வரும். அப்பாவோ அண்ணனோ கூட்டிக்கொண்டு போனால்தான் பயணம். எழுத்து தெரிந்து என்ன பயன், வீட்டைவிட்டு நகரவே முடியாவிட்டால்? அதனால் எழுத்தறிவுத் திட்டத்தோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் நிர்வாகம் முயற்சி எடுத்தது.

கேலி இல்லாமல் இல்லை. 'பொம்பள சைக்கிள் ஓட்டுறதா?' என்று கேட்ட ஊர்கள் உண்டு. ஆனாலும் விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்ஸுகள், ஆசிரியைகள் எல்லாரும் ஏறி மிதித்தார்கள். அறிவொளிக் கலைஞர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதினார். அவர் தரும் கணக்குப்படி, சைக்கிள் கற்ற கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளைக் கழித்துப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நாலில் ஒருவருக்கும் அதிகம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகரத்தை வலம் வந்தார்கள்.

சுவையான ஒரு தகவலும் அவர் எழுத்தில் இருக்கிறது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. காரணம் முன்னால் இருக்கும் 'பார்'. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

இந்தக் கட்டுரை, 1996-ல் வெளியான 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' புத்தகத்தில் இடம்பெற்றது. பின்னாளில் என்சிஇஆர்டி-யின் 8-ஆம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் பாடமானது. புதுக்கோட்டைப் பெண்களின் கதையை வட இந்தியப் பிள்ளைகள் பள்ளியில் படித்தார்கள். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

2001-02-ல் தமிழ்நாடு அரசு, 11-ஆம் வகுப்பு படிக்கும் எஸ்சி, எஸ்டி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06-ல் எல்லாப் பிரிவு மாணவ, மாணவிகளுக்கும் திட்டம் விரிந்தது. 2006-ல் பீகார் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்தது. அதன் பலனைப் பொருளாதார வல்லுநர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆய்வு செய்தார்கள். மாணவிகள் சேர்க்கை 32% கூடியது, ஆண்–பெண் இடைவெளி 40% குறைந்தது என்பது அவர்கள் கண்டது.

இப்போ அங்கே சைக்கிள் டூர் போக முடியுமா?

முடியும். கொஞ்சம் யோசித்து ரூட் போட வேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல். 9-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையும், மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமணப் படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. அங்கிருந்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை போனால், 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டைப் பாறையிலேயே பார்க்கலாம். திரும்பி புதுக்கோட்டை வந்தால் மொத்தம் சுமார் 50 கி.மீ. ஆரம்பநிலை ஆட்களுக்கு ஒரு நாளைக்கு இது போதும்.

இன்னொரு நாள் வைத்துக்கொண்டால் நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரம், கொடும்பாளூர் மூவர் கோயில் என்று நீட்டலாம். தெற்கே 1687-ல் கட்டப்பட்ட திருமயம் கோட்டை. ஆனா நார்த்தாமலைக்குத் திருச்சி நெடுஞ்சாலையும், திருமயத்துக்குக் காரைக்குடி சாலையும்தான் 'ஷார்ட் ரூட்' என்று மேப் காட்டும். அதை நம்பாமல், மேப்பைப் பெரிதாக்கி மெல்லிய கோடுகளைப் பிடித்துப் போவது நல்லது. கூடுதலாகச் சில கி.மீ. ஆகும். பதிலுக்கு கண்மாய்க் கரை, தைல மரத் தோப்பு, ஐயனார் கோயில் மண் குதிரைகள் எல்லாம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியவை

● சீசன்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் வெயிலுக்கு ஒதுங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

● முள்: சீமைக் கருவேல முள் டயரின் முதல் எதிரி. பஞ்சர் கிட், கைப்பம்பு கட்டாயம். விலை உயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு ஊர்ப் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. சின்ன அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.

● களம்: அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல், உளுந்து காயும். அந்தச் சாலையில் வண்டி குறைவு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அதன்மேல் மட்டும் ஏற்றிவிடக் கூடாது, அது ஒருவரின் உழைப்பு.

● நாய்: துரத்தினால் வேகமெடுக்க வேண்டாம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

● ரயில்: சென்னை எழும்பூர் – ராமேசுவரம் ரயில்களில் புதுக்கோட்டை வந்து இறங்கலாம். சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் புக் செய்ய முடியும். புதுக்கோட்டையில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும், அங்கே பார்சல் இறக்குவார்களா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

சிக்கல் எங்கே?

ஊர்ச் சாலையின் அமைதிக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு குவாரியோ கிரஷரோ வந்தால், 3 மீட்டர் சாலையில் டிப்பர் லாரிகள் ஓடத் தொடங்கும். அதோடு சைக்கிள் ஓரங்கட்டும். கண்ணுக்குத் தெரியாமல் இது நடந்துவிடும், ஏனென்றால் சைக்கிளில் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. சித்தன்னவாசல், குடுமியான்மலை போன்ற இடங்களை இணைக்கும் சில ஊர்ச் சாலைகளைத் தேர்ந்தெடுத்துப் பலகை வைக்கலாம். அங்கே வேக வரம்பு போடலாம், கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். டீக்கடை ஓரத்தில் ஒரு பம்பும் தண்ணீர்க் குடமும் இருந்தால் போதும்.

இது வீக்எண்ட் சைக்கிள் ஆட்களுக்கான சலுகையாக முடிந்துவிடாது. எந்தச் சாலையில் 11-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி விலையில்லா சைக்கிளில் தனியாகப் பள்ளிக்குப் போய் வர முடிகிறதோ, அதுவேதான் டூர் போகிறவருக்கும் நல்ல சாலை. 1991-ல் இருபது வயதில் சைக்கிள் கற்ற பெண்களுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவர்களின் பேத்திகள் மிதித்துப் போகவும் அதே ஊர்ச் சாலைகள்தான் வேண்டும்.